எந்த அடுக்கில் எந்த ஏடு?

பங்கு அலுவலகத்தின் இரும்பு அலமாரியைத் திறந்து பார்த்த வாசகர்கள் சிலரேனும் இருப்பீர்கள். கெட்டி அட்டை போட்ட நீண்ட ஏடுகள் அங்கே நிற்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டிய தாளில் ஆண்டுகள் எழுதப்பட்டிருக்கும். திருமுழுக்கு ஒரு வரிசை, உறுதிப்பூசுதல் ஒரு வரிசை, திருமணம் ஒரு வரிசை, இறப்பு ஒரு வரிசை. ஏன் இவ்வாறு பிரித்தார்கள்? குடும்பத்துக்கு ஓர் ஏடென்று வைத்திருந்தால் ஒரு வீட்டின் பிறப்பும் மணமும் சாவும் ஒரே இடத்தில் கிடைத்திருக்குமே! அலமாரி பாட்டன் காலத்திலிருந்து அப்படியே நிற்பதால் இக்கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. ஏடுகளைக் கணினிக்குள் கொண்டுசெல்ல முற்படும்போதுதான் அது எழுகிறது. கணினிக்குள் அலமாரி கிடையாது. முதல் அடுக்கை நாமே அடிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் குந்தாப் பகுதியில் ஏடுகளுக்குப் பகை மழை. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தைக் கடந்து மலையேறியதும் தன் சுமையை இறக்கி வைக்கும் இடங்களில் ஒன்று அவலாஞ்சி. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. சமவெளி மாவட்டங்கள் சில ஓராண்டு முழுவதிலும் காணும் மழையைவிட அது மிகுதி. அம்மழைக்குப் பின் எடுத்த ஏடுகளில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பூஞ்சணம் பிடித்த தாளை வெயிலில் வைக்கவும் அஞ்சினோம். வெயில் வரவும் இல்லை. கணினிப் படி ஒன்று வேண்டுமென்ற எண்ணம் பங்குப் பேரவையில் அப்போதுதான் உருவாயிற்று. வேலை தொடங்கியதோ மிகப் பின்னர்.

எம் பங்கு இளைஞர் இருவர் முன்வந்தனர். ஒருவர் பெங்களூரில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றுபவர். மற்றவர் கோவையில் கணினியியல் பயிலும் மாணவி. பக்கங்களை ஒளிப்படம் எடுப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு பதிவையும் தட்டச்சு செய்து, பதிப்புக் கட்டுப்பாடு எனப்படும் முறையில் வைக்க வேண்டும் என்று அவ்விருவருமே சொன்னார்கள். கணினி அறியாத வாசகர்களுக்காக அதை எளிதாய்ச் சொல்லுகிறேன். கோப்புகளை வைத்திருக்கும் களஞ்சியம் ஒன்று. அதில் நீங்கள் எதை மாற்றினாலும், யார் மாற்றினார், என்று மாற்றினார், என்ன காரணம் சொன்னார் என்பதனைத்தும் நினைவில் நிற்கும். பழைய நிலையும் அழியாது. பங்கு ஏட்டில் பிழை கண்டால் நாம் சுரண்டி அழிப்பதில்லை. ஒற்றைக் கோடிட்டு, மேலே திருத்தி, ஓரத்தில் ஒப்பமிட்டு நாளும் எழுதுகிறோம். அதையே இயந்திரம் ஒழுங்காகச் செய்கிறது எனலாம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட் என்னும் மென்பொருளே இன்று இதற்குப் பெருவழக்கு. அதற்கு முன் சப்வெர்ஷன் ஓங்கியிருந்தது. இன்றும் சில இடங்களில் அது நடக்கிறது.

மென்பொருள் எதுவென்பதில் தகராறில்லை. கோப்புறைகளை எப்படி அடுக்குவது என்பதில்தான் இருவரும் பிரிந்தனர். இளைஞர், "ஃபாதர், இடவாரியாப் பிரிச்சிடலாம். ஒவ்வொரு எஸ்டேட்டுக்கும் ஒரு கோப்புறை, அதுக்குள்ள லைன் வாரியா" என்றார். மாணவியோ, "வேண்டாம் ஃபாதர், குடும்பவாரியா வைங்க. ஆளைத் தேடி வர்றவங்க குடும்பப் பேரைத்தானே சொல்றாங்க" என்றாள். இரண்டிலும் நியாயம் இருந்தது. மென்பொருளைக் கேட்டுத் தீர்ப்பு வாங்கவும் வழியில்லை. சப்வெர்ஷன் கையாண்டவர்கள் களஞ்சியத்தின் தலைவாசலிலேயே தண்டு, கிளைகள், குறிகள் என்று மூன்று கோப்புறைகள் வைப்பது வழக்கம். ஆயினும் அது பரிந்துரைதான். அந்த மென்பொருளுக்கு அவை வெறும் பெயர்கள். கிட்டில் கிளைக்குக் கோப்புறையே தேவையில்லை. உள்ளே எப்படி அடுக்கினாலும் இரண்டும் வாய் திறவாமல் ஏற்றுக்கொள்ளும். விளைவு மட்டும் பத்தாண்டு கழித்து நம் தலையில் விடியும்.

தமிழுக்கே இதில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் பேசவைக்கத் தன்னார்வலர் பலர் உழைத்துள்ளனர். கேடிஈ என்னும் திட்டத்தில் மொழிபெயர்ப்புகள் சப்வெர்ஷன் களஞ்சியத்தில் மொழிவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தமிழுக்கென்று ஒரு கோப்புறை, அதனுள் எல்லாச் செயலிகளின் சொற்களும். க்னோம் என்னும் மற்றொரு திட்டத்திலோ ஒவ்வொரு செயலியும் தனிக் களஞ்சியம். அதனுள்ளே ஒரு மூலையில் தமிழுக்கு ஒரு கோப்பு, மற்ற மொழிகளுக்கு ஒவ்வொரு கோப்பு. முன்னது மொழிபெயர்ப்பவருக்கு வசதி. தமிழ்க் கோப்புறை ஒன்றை மட்டும் இறக்கிக்கொண்டு அவர் வேலை பார்க்கலாம். பின்னது செயலியை ஆக்குபவருக்கு வசதி. அவர் தம் செயலியை வெளியிடும்போது எல்லா மொழிகளும் உடன் வந்துவிடும். இரண்டும் தவறல்ல. வாசலில் வந்து நிற்பவர் யாரென்று பார்த்து வாசலை அமைத்திருக்கிறார்கள்.

எங்கள் வாசலில் வந்து நிற்பவர்கள் யார்? இதற்கு விடை காணாமல் அடுக்கைப் பற்றிப் பேசிப் பயனில்லை. குந்தாவின் மக்கள் ஓரிடத்தில் வேரூன்றி நின்றவர்கள் அல்லர். படுகர் பெருமக்களும் பழங்குடியினரும் இம்மண்ணுக்கு உரியவர்கள். எம் பங்குமக்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தவர்கள். 1950-களின் பிற்பாதியில் குந்தா நீர்மின் திட்டம் கனடா நாட்டு உதவியோடு தொடங்கியபோது அணை கட்டவும் குகை குடையவும் சமவெளியிலிருந்து ஏறியவர்கள் ஒரு பகுதியினர். வேலை முடிந்ததும் அவர்களில் பலர் இறங்கிப் போனார்கள். 1964-இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாகி, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, நீலகிரிக்கு வந்தவர்கள் மற்றொரு பகுதியினர். இவர்களுக்கு வேலை தரும் நோக்கோடு 1968-இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. 1976-இல் அவை டான்டீ என்னும் கழகமாயின. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் பனியன் தைக்கிறார்கள், கார் ஓட்டுகிறார்கள். ஒரு தலைமுறைக்குள் மூன்று முகவரி! லைன் வீட்டு எண் மாறும். தோட்டம் கைமாறிப் பெயர் மாறும். குடும்பம் பிரியும், தந்தை இறக்க மூத்தவன் குடும்பத்தலைவன் ஆவான், மகள் வேறு குடும்பத்துக்குப் போவாள். இடத்தையோ குடும்பத்தையோ அடுக்காக வைத்தால் ஆண்டுதோறும் கோப்புகளை இழுத்து இழுத்து வேறிடம் மாற்றவேண்டி வரும்.

பெயரை நம்பலாமா? அதுவும் ஆகாது. பழைய ஏடுகளில் மறைப்பணியாளர் இலத்தீனில் யோசேபுஸ் என்று எழுதிய குழந்தையை வீட்டில் சூசை என்று அழைத்தார்கள். பள்ளியில் ஜோசப் ஆனான். 1995-இல் பொதுமொழிபெயர்ப்பு விவிலியம் வந்தபின் பிறந்த அவன் பேரன் யோசேப்பு. அருளப்பர், இராயப்பர், சின்னப்பர் என்று கேட்டு வளர்ந்த என் தலைமுறையினர் யோவான், பேதுரு, பவுல் என்று வாசிக்கப் பழகிக்கொண்டோம். புனிதருக்குக் கேடொன்றுமில்லை. கோப்புறைக்குக் கேடு.

நான் இருவரையும் அலமாரியின் முன் நிறுத்தி அதன் வரலாற்றைச் சொன்னேன். குருமடத்தில் திருச்சபைச் சட்டம் படித்தபோது சலிப்பூட்டிய பகுதி அது. இப்போது அவ்வளவு சுவையாக இருந்தது. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல் பங்குத்தந்தை திருமண ஏடு வைக்கவேண்டுமென விதித்தது. 1614-இன் உரோமைச் சடங்குநூல் ஐந்து ஏடுகளைக் குறிப்பிட்டது: திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், திருமணம், இறப்பு, இவற்றோடு ஆன்மாக்களின் நிலை பற்றிய ஏடு. இவ்வைந்தாவதுதான் குடும்பவாரியான ஏடு. நாம் இன்று வீடு சந்திப்பின்போது நிரப்பும் குடும்ப அட்டையின் மூதாதை. ஆக, மாணவி கேட்ட அடுக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. ஆனால் அதன் மீது மற்றவை நிற்கவில்லை. 1983-இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 535-ஆம் சட்டத்தில் தெளிவாக்குவது இதுதான்: ஒருவர் உறுதிப்பூசுதல் பெற்றதும், மணமுடித்ததும், குருத்துவத் திருநிலை பெற்றதும், துறவறத்தில் நிலையான வார்த்தைப்பாடு கொடுத்ததும் அவரது திருமுழுக்குப் பதிவிலேயே குறிக்கப்பட வேண்டும். அவர் எங்கே மணமுடித்தாலும் அங்குள்ள பங்குத்தந்தை, திருமுழுக்கு நடந்த பங்குக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். மனிதர் எங்கு வேண்டுமானாலும் போகட்டும். அவரைப் பற்றிய செய்தி தொடக்க இடத்துக்குத் திரும்பி வருகிறது. இளைஞர் சிரித்துக்கொண்டே, "அப்ப தண்டு இதுதான் ஃபாதர்" என்றார்.

எனவே முடிவு இப்படியாயிற்று. ஏட்டின் வகை முதல் கோப்புறை, ஆண்டு அதற்குள், பதிவு எண் கோப்பின் பெயர். திருமுழுக்கு, 1974, 23 என்றால் அது எக்காலமும் அதுவே. இடமும் குடும்பமும் பெயரும் கோப்பினுள்ளே எழுதப்படும். அவற்றைக் கொண்டு தேட விரும்புவோர்க்குக் கணினியே வேண்டியபோது அட்டவணை உண்டாக்கித் தரும். தோட்டத்தின் பெயர் மாறினால் புது அட்டவணை உண்டாகும், கோப்பு அசையாது.

கோப்பு அசையக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாய் இருந்தமைக்கு மாணவியே எனக்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் தந்தாள். கிட் மென்பொருள், ஒரு கோப்பு ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குப் பெயர்ந்ததைத் தனியே குறித்து வைப்பதில்லை. இங்கே ஒன்று காணாமற்போய் அங்கே ஏறத்தாழ அதேபோல் ஒன்று தோன்றினால், அதுதான் இது என்று உள்ளடக்கத்தின் ஒப்புமையைக் கொண்டு ஊகிக்கிறது. கதைக்கும் கணக்குக்கும் இது போதும். திருமுழுக்குப் பதிவுகளை எண்ணிப் பாருங்கள்: ஒரே கோவில், ஒரே குரு, ஒரே வாய்பாடு, பெயரும் நாளும் ஞானப்பெற்றோரும் மட்டுமே வேறு. நூறு பதிவுகளின் உள்ளடக்கத்தையும் திருத்தி ஒருங்கே இடம் மாற்றினால் ஒரு குழந்தையின் வரலாறு மற்றொரு குழந்தையினுடையதாய்க் காட்டப்பட இடமுண்டு.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. அடையாளம் தெரியாதவாறு ஒன்றைச் சொல்லுகிறேன். எங்கள் பழைய ஏட்டில் ஓராண்டில் இரண்டு ஆரோக்கியமேரிகள். இருவரின் தந்தை பெயரும் சூசை. பல ஆண்டுகளுக்குப் பின் வேறோர் ஊரிலிருந்து திருமண அறிவிப்பு ஒன்று வந்திருக்கிறது. அதில் பெயரும் தந்தை பெயரும் ஆண்டும் இருந்தன, பதிவு எண் இல்லை. எவரோ அதை முதல் ஆரோக்கியமேரியின் ஓரத்தில் எழுதிவிட்டார். மணமுடித்தவள் இரண்டாமவள். முதலாமவள் தம்பி தங்கையரைக் கரையேற்றுவதற்காகத் திருமணத்தைத் தள்ளிப்போட்டவள். நாற்பதைக் கடந்த வயதில் நல்லவர் ஒருவர் கேட்டு வந்தபோது, ஏட்டில் அவள் ஏற்கெனவே மணமானவளாக நின்றாள். "சாமி, நான் யாரையும் கட்டலையே சாமி" என்று அவள் என் எதிரே நின்று சொன்ன குரலில் கோபம் இல்லை, வியப்பே இருந்தது. அறிவிப்புக் கடிதத்தைத் தேடி, மற்றவளைக் கண்டுபிடித்து, ஆயர் இல்லத்துக்கு எழுதி, ஓரக்குறிப்பை முறைப்படி நீக்கும்வரை மூன்று வாரமாயிற்று. ஓலை வாசித்தபின் ஒரு மணநாள் தள்ளிப்போனால் எஸ்டேட் லைனில் என்னென்ன பேசுவார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது அவ்விரு கோப்புகளும் களஞ்சியத்தில் தத்தம் எண்களோடு இருக்கின்றன. குறிப்பு முதலில் இருந்ததும், நீக்கியதும், காரணமும், மற்றொன்றில் சேர்த்ததும் தெரியும். எண் இல்லாத அறிவிப்பு எங்கிருந்து வந்தாலும் எண் கேட்டுத் திருப்பி எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டுள்ளேன். சில பங்குத்தந்தையர்க்கு இதில் சிறிது வருத்தம். பொறுத்துக்கொள்வார்களாக.

ஓர் எண் வைத்தபின் அதை மாற்றுவதன் கேட்டை நம் திருப்பாடல் நூலிலேயே காணலாம். நல்ல ஆயரைப் பற்றிய திருப்பாடல் எபிரேய எண்ணிக்கையில் 23. கிரேக்க மரபிலும் அதைத் தழுவிய இலத்தீன் வுல்காத்தாவிலும் 22. ஒன்பதாவதையும் பத்தாவதையும் ஒன்றாய்க் கொள்வதா, இரண்டாய்க் கொள்வதா என்பதில் எழுந்த வேறுபாடு அது. இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அச்சகத்தார் இரண்டு எண்களையும் அருகருகே போட வேண்டியிருக்கிறது.

சிறு விவரங்கள் சிலவும் எங்களைப் பிடித்து நிறுத்தின. கோப்புறைப் பெயர்களைத் தமிழில் வைக்கலாமா என்பது ஒன்று. 'கோவில்' என்பதில் உள்ள 'கோ' என்ற எழுத்தின் உயிர்க்குறியைக் கணினி இருவகையாய்ச் சேமிக்க முடியும்: ஒரே குறியாகவும், இரட்டைக்கொம்பும் காலும் எனப் பிரித்தும். கண்ணுக்கு ஒன்றே, இயந்திரத்துக்கு இரண்டு. பழைய மாக் கணினிகள் கோப்புப் பெயர்களைப் பிரித்தே வைத்தன. விண்டோசில் தட்டச்சுபவை பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே நிற்கும் விந்தை இதனால் விளையும். போதாக்குறைக்கு, கிட் தமிழ்ப் பெயர்களைத் தொடக்கத்தில் எண்கோவையாக்கிக் காட்டும். ஓர் அமைப்பை மாற்றினால்தான் எழுத்தாய்த் தெரியும். மாணவி எழுத்தெண்ணிப் பார்த்துவிட்டு, திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், திருமணம், இறப்பு ஆகிய நான்கிலும் அத்தகைய எழுத்தே இல்லை என்று மகிழ்ந்தாள். ஆகவே கோப்புறைகள் தமிழில். கோப்புகளுக்கு எண் மட்டும்.

மற்றொன்று வெற்றுக் கோப்புறை. கிட் கோப்புகளை மட்டுமே நினைவில் வைக்கும். உள்ளே ஒன்றுமில்லாத கோப்புறை அதன் கண்ணில் படாது. எங்கள் மலைப்பங்கில் உறுதிப்பூசுதல் ஆண்டுதோறும் நடப்பதில்லை. நடக்காத ஆண்டின் கோப்புறை மறைந்துபோனால், பின்னால் வருபவர் எப்படி அறிவார், அவ்வாண்டு எவரும் பெறவில்லையா, அல்லது அப்பக்கத்தைப் பூச்சி தின்றுவிட்டதா என்று? இரண்டும் ஒன்றல்லவே. ஆகையால் பதிவில்லாத ஆண்டுக்கு, பதிவில்லை என்றே ஒரு வரி எழுதிய கோப்பு வைத்தோம். பக்கம் சிதைந்த ஆண்டுக்கு, சிதைந்தது என்று எழுதி வைத்தோம்.

ஒளிப்படங்களைக் களஞ்சியத்தில் சேர்க்கவில்லை. அவை எடையானவை, திருத்தம் பெறாதவை. ஒவ்வொரு படியையும் அவை வீங்கச் செய்யும். ஆயர் இல்லத்துக்கு ஒன்றும் பங்குக்கு ஒன்றுமாகத் தனி வட்டுகளில் இருக்கின்றன.

களஞ்சியம் ஒன்றா, பலவா என்பதில்தான் நான் நெடுநாள் தயங்கினேன். சப்வெர்ஷனில் இக்கோப்புறையை இவர் பார்க்கலாம், அதைப் பார்க்கக்கூடாது என்று வரம்பிடலாம். கிட்டில் களஞ்சியத்தைப் பெற்றவர் முழுவதையும், அதன் வரலாறு அனைத்தையும் பெற்றுவிடுகிறார். இணையம் அடிக்கடி அறுந்துபோகும் எங்கள் ஊருக்கு அது பெரும் வசதி. இரகசியத்துக்கு அதுவே பெரும் இடர். ஒருமுறை பதிந்ததை அடியோடு நீக்க வேண்டுமானால் வரலாற்றையே திருப்பி எழுதி, எல்லாப் படிகளையும் மாற்ற வேண்டும். எவர் கணினியிலோ தங்கிய படியை என் செய்வது? தத்துப்பிள்ளையின் பிறப்புப் பெற்றோர் பெயர் உள்ள பதிவு உண்டு. தந்தை பெயர் எழுதப்படாத பதிவு உண்டு. அத்தாய்மாருள் சிலர் ஞாயிறுதோறும் என் முன்னே வரிசையில் வருகிறவர்கள். இவற்றைத் தட்டச்சு செய்ய நான் எவரிடமும் கொடுக்கவில்லை. பொதுக் களஞ்சியத்தில் அந்த எண்ணுக்குரிய கோப்பில், ஏட்டைப் பார்க்க என்று மட்டும் இருக்கிறது. ஏட்டுக்குப் பூட்டு உண்டு, சாவி என்னிடம். இளைஞருக்கு இது முழுமையற்ற வேலையாகப் பட்டது. "அப்ப இந்த வரிசை நிறையாது ஃபாதர்" என்றார். நிறைய வேண்டாம் என்றேன்.

மலையின் கீழ்ச்சரிவிலுள்ள எம் கிளைப்பங்கு நாளை தனிப்பங்கு ஆகலாம். அப்போது அவர்களுடைய பழைய பதிவுகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டாமா, இடவாரியாக வைத்திருந்தால் வெட்டிக் கொடுப்பது எளிதாயிற்றே என்று இளைஞர் கடைசியாக ஒருமுறை வாதாடிப் பார்த்தார். ஏடு பிரிவதில்லை என்பதே மறுமொழி. தாய்ப்பங்கில் நடந்தது தாய்ப்பங்கின் ஏட்டிலேயே இருக்கும். புதுப்பங்கு தான் பிறந்த நாளிலிருந்து, ஒன்றாம் எண்ணில் தொடங்கி, தனக்கென ஓர் ஏடும் ஒரு களஞ்சியமும் வைத்துக்கொள்ளும். பழைய சான்று வேண்டுவோர் எங்களுக்கு எழுதுவர்.

இதுவரை 1978 வரைக்கும் எழுதி முடித்திருக்கிறோம். 1979 திருமுழுக்கு ஏட்டின் தையல் பிரிந்துவிட்டது. ஏட்டை வெளியே அனுப்ப மனமில்லாததால் கோவையிலிருந்து பைண்டு செய்பவரை வரச் சொல்லியிருக்கிறேன். மழை விட்டதும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.